வியாசர்பாடி இரவு வகுப்பு: டீச்சர் சம்பளம் பற்றி

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை வியாசர்பாடியில் படிக்காத பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க நம் ஊர்ச் சங்கம் நடத்துகிற இரவு வகுப்புக்கு இனிமேல் பணம் வராது என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள். மூன்று வருடமாக ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தது. இனி பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் செலவழிப்பதாக முடிவு எடுத்திருக்கிறார்களாம். 2013 கம்பெனிச் சட்டத்தில் 135ஆவது பிரிவு இருக்கிறது. ஓரளவுக்கு மேல் பெரிய கம்பெனியாக இருந்தால், முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவழித்தாக வேண்டும். ஆனால் எந்த வேலைக்கு என்பதை அவர்களுடைய நிர்வாகக் குழுதான் தீர்மானிக்கும். அதனால் நாம் சண்டை போட இடமில்லை. மூன்று வருடம் கொடுத்ததற்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதிவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் உங்களில் பலர் கூப்பிட்டீர்கள். சிங்கப்பூர்த் தம்பி ஐந்து டேப் வாங்கித் தருகிறேன் என்றான். துபாய் மாமா ஸ்மார்ட் டிவி என்றார். பெங்களூரில் இருக்கும் தங்கச்சி எல்லோருக்கும் பையும் நோட்டும் அனுப்புகிறேன் என்றாள். ஊரை விட்டு எங்கெங்கோ போன பிறகும் இப்படிக் கேட்கிறீர்களே என்று மனசு நிறைந்துபோயிற்று. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல். டேப்பும் டிவியும் வேண்டாம். டீச்சருக்கு மாதச் சம்பளம் வேண்டும். அது நின்றால் வகுப்பு நின்றுவிடும். மற்றது எதுவும் இல்லாவிட்டாலும் சமாளித்துக்கொள்ளலாம்.

வகுப்பைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாடியில் ஒரு அறை, ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், கோரைப்பாய். பதிவேட்டில் 23 பேர், ஒரு நாளைக்கு வருவது 14 பேர் போல. நம்மூரிலிருந்து வந்து அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் ஆறு பேர், மீதிப் பேர் அந்தத் தெருக்காரர்கள். வீட்டு வேலை செய்கிற பெண்கள்தான் அதிகம். சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் நான்கு பேர், தெருக் கூட்டுகிற இரண்டு பேர், வாட்ச்மேன் ஒருவர். வகுப்பு ஏழரைக்கு என்று பெயர். தண்ணீர் பிடித்து, உலை வைத்து, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு அவர்கள் வந்து உட்கார எட்டு மணி ஆகிவிடும். ஒன்பதரைக்கு டீச்சரே "போதும், போய்த் தூங்குங்க" என்று அனுப்ப வேண்டியிருக்கும்.

நம்ம கீழத்தெரு அத்தாச்சியை உங்களுக்குத் தெரியும். மயிலாப்பூரில் இரண்டு வீட்டில் வேலை. முதல் மாதம் அத்தாச்சியால் பென்சிலையே பிடிக்க முடியவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ஆள்காட்டி விரலில் வெடிப்பு, பென்சில் பட்டால் எரிகிறது. டீச்சர் ஒரு பழைய காட்டன் துணியைக் கிழித்துப் பென்சிலைச் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார். அப்புறம் அழுத்தம். ஒரு 'ட' போட்டால் அதற்கு அடியில் மூன்று தாளுக்கு அச்சு விழும். 'ட'தான் முதல் எழுத்து. பெரியவர்களுக்கு 'அ'வில் ஆரம்பித்தால் அந்தச் சுழியிலேயே கை நின்றுவிடும். ட, ப இரண்டும் நேர்க்கோடு, ம-வுக்கு மட்டும் ஒரு சின்ன வளைவு, நாலு இழுப்பில் வந்துவிடும். அதை வைத்தே படம், பட்டம், மடம் என்று முதல் வாரமே வார்த்தை எழுதிவிடலாம். வார்த்தை வந்துவிட்டால் அடுத்த நாள் ஆள் வகுப்புக்கு வந்துவிடுவார்.

அத்தாச்சிக்குச் சர்க்கரை. மருந்துக்கடையில் கவரின் மேல் 'முன்', 'பின்' என்று எழுதிக் கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது எது, பின்னால் போடுவது எது என்று இத்தனை நாளும் மாத்திரையின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி மாற்றிக் கொடுத்தால் நிறமும் மாறிவிடும். போன ஆடியில் ஒரு நாள் வகுப்புக்கு அந்தக் கவரையே எடுத்துவந்து, விரலை வைத்து, "ரெண்டும் 'ன்'ல முடியுது, இது 'மு', இது 'பி'. அப்ப இது சோத்துக்கு முந்தி, இது சோத்துக்குப் பிந்தி. சரிதானே டீச்சர்?" என்று கேட்டது. டீச்சர் பதில் சொல்லாமல் அத்தாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

பஸ்ஸும் அப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் எந்தப் பஸ் என்று தெரிந்தால்தானே ஏற முடியும்? 29 என்ற எண் தெரியும், அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்து தெரியாது. எழுத்து மாறினால் வண்டி வேறு பக்கம் போய்விடும். பெரம்பூரில் நின்று யாராவது ஆளைக் கேட்டு ஏறிக்கொண்டிருந்த அத்தாச்சி இப்போது 29சி வந்தால் தானே கை காட்டுகிறது.

இதற்கெல்லாம் அரசாங்கத் திட்டம் இல்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. முன்பு சாக்ஷர் பாரத் என்று இருந்தது. 2009 செப்டம்பர் 8, எழுத்தறிவு நாளன்று தொடங்கியது, 2018 மார்ச் 31-ஓடு முடிந்தது. பெண்கள் படிப்பில் பின்தங்கிய மாவட்டங்களில் ஊராட்சிக்கு ஒரு மையம், அதை நடத்துகிற ஊக்குநருக்கு மாதம் 2,000 ரூபாய். குறைந்த காசுதான், ஆனாலும் ஒரு ஆளுக்கு அது பொறுப்பு என்று இருந்தது. இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரை ஐந்து வருடத்துக்கு, நாடு முழுவதற்கும் 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், ஒரு ஆளுக்கு 207 ரூபாய்ச் சொச்சம் வருகிறது. சொல்லிக்கொடுப்பவர் தன்னார்வலராக வர வேண்டும், சம்பளம் கிடையாது. வருகிற தன்னார்வலர்களைக் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள். ஆனால் பணத்தை எங்கே குறைப்பது என்று வரும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது சொல்லிக்கொடுக்கிற ஆளின் சம்பளத்தில்தான். எனக்கு இதில்தான் வருத்தம்.

அப்புறம், சென்னையில் படிக்காதவர்கள் ஏது என்று ஒரு கேள்வி. 2011 கணக்கெடுப்பில் சென்னையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அதைக் காட்டித்தான் இங்கே தேவை இல்லை என்கிறார்கள். மீதிப் பத்துப் பேர் என்றால் இந்த ஊரில் ஏறக்குறைய 4 லட்சம் பேர். அவர்கள் நகரம் முழுக்கப் பரவலாகவா இருக்கிறார்கள்? வியாசர்பாடி, கண்ணகி நகர் மாதிரி இடங்களிலும், கட்டட வேலை நடக்கிற இடத்துத் தகரக் கொட்டகையிலும்தான் இருக்கிறார்கள்.

மலேசியாவிலிருந்து சித்தப்பா கேட்டது நியாயமான கேள்வி, அதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கத்தை வைத்து, "அறிவொளி காலத்தில் எவன் சம்பளம் வாங்கினான்? அப்போது நடக்கவில்லையா?" என்று எழுதியிருந்தார். நடந்தது. நம் புதுக்கோட்டையில் நடந்ததை ஊரே பேசியது. 1991-ல், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, சாயந்திரம் ஆனால் தெருவுக்குத் தெரு அரிக்கேன் விளக்கு. பெண்கள் சைக்கிள் பழகினார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் அம்மா பாவாடை தாவணிப் பெண்களோடு சேர்ந்து கண்மாய்க் கரையில் சைக்கிள் பழகி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்ததும் ஞாபகம் இருக்கிறது, சிலேட்டில் தன் பேரை எழுதி அப்பாவிடம் காட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் சித்தப்பா, அது ஒரு அலை. கலெக்டரிலிருந்து தலையாரி வரை எல்லோரும் இறங்கினார்கள். பாட்டு, நாடகம், ஊர்வலம் என்று ஒரு மாவட்டமே எழுந்து நின்றது. அந்த வேகத்தில் சம்பளம் இல்லாமல் ஆயிரக்கணக்கான பேர் வந்தார்கள். அலை வடிந்த பிறகு? எங்கள் தெருவில் சொல்லிக்கொடுத்த அக்காவுக்குக் கல்யாணம் ஆகித் திருச்சிக்குப் போய்விட்டது. அப்புறம் யாரும் வரவில்லை. அம்மாவுக்குச் சைக்கிள் மறக்கவில்லை. எழுத்து மறந்துபோயிற்று. 2004-ல் வங்கியில் கையெழுத்துப் போடச் சொன்னபோது பேனாவைப் பிடித்து இரண்டு எழுத்து எழுதிவிட்டு மூன்றாவது எழுத்துக்கு என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் படித்து, சென்னையில் வேலைக்கு வந்து, சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் உட்கார்ந்து ஒரு வரி எழுத வைக்க எனக்கு ஒரு நாளும் நேரம் இருந்ததில்லை.

வியாசர்பாடியிலும் தன்னார்வலர்களை வைத்துப் பார்த்தோம். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ஆசையாக வந்தார்கள். செமஸ்டர் பரீட்சை வந்ததும் ஒரு மாதம் இல்லை. திரும்பி வந்தபோது வகுப்பில் ஐந்து பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுப் படியேறி வருகிறவர் கதவு பூட்டியிருப்பதை ஒரு நாள் பார்த்தால் மறுநாளும் வருவார். இரண்டாவது நாளும் பூட்டியிருந்தால் அவ்வளவுதான். இப்போது இருக்கும் டீச்சர் அதே தெருவில் குடியிருப்பவர். யார் வரவில்லையோ அவர் வீட்டுக்கு மறுநாள் காலையில் போய் என்ன ஏது என்று கேட்பார். மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்ற டிசம்பரிலும் ஐந்தாவது நாள் வகுப்பைத் திறந்துவிட்டார். இந்த வேலைக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

கணக்கு இதுதான். டீச்சருக்கு 7,000. அறை வாடகை 5,000-ஆக இருந்தது, விஷயத்தைக் கேள்விப்பட்டு வீட்டுக்கார அம்மா தானாகவே 500 குறைத்துவிட்டார், ஆக 4,500. கரண்டு 600. நோட்டு, பென்சில், சாக்பீஸ் எல்லாம் சேர்த்து 900. மொத்தம் மாதம் 13,000.

தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இஸ்திரி போடுகிற அண்ணன், அறையைக் காலி செய்ய வேண்டி வந்தால் சாயந்திரத்துக்கு மேல் தன் கடை வாசலில் விரித்துக்கொள்ளுங்கள் என்றார். படிக்கிற பெண்கள் தங்களுக்குள் பேசி, வாரம் ஆளுக்கு 20 ரூபாய் போடுவதாகச் சொல்கிறார்கள். முதலில் நான் வேண்டாம் என்றேன். "நாங்க குடுத்தா நாங்க கேக்கலாம்ல, வகுப்பு ஏன் இன்னிக்கி இல்லன்னு" என்று சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் சொன்னார். அதற்கு மேல் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. 14 பேர் என்று வைத்தால் மாதம் 1,120 ரூபாய் வரும்.

மீதி நம் கையில். நாற்பது பேர் மாதம் 300 ரூபாய் என்றால் 12,000. ஒரே ஆள் மொத்தத்தையும் கொடுக்க முன்வந்தால்கூட வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரே இடத்திலிருந்து வந்த பணம் ஒரே நாளில் நின்றதைத்தான் இப்போது பார்த்தோம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், சிங்கப்பூரில் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வாங்கியிருந்தாலும் சரி, தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியாகச் சங்கக் கணக்குக்கு அனுப்பலாம். அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வரும். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு நம் அரசாங்கம் கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். நம் சங்கம் அந்தச் சட்டத்தில் பதிவு செய்யவில்லை. ஆகவே அவர்கள் தயவுசெய்து சங்கத்துக்குப் பணம் போட்டுவிடாதீர்கள், பின்னால் சங்கத்துக்கே சிக்கலாகிவிடும். யார் பெயரிலாவது மாற்றிப் போடுவதும் வேண்டாம். நீங்கள் ஊருக்கு வரும்போது சென்னையில் இறங்குவீர்கள் அல்லவா, ஒரு சாயந்திரம் வியாசர்பாடிக்கு வந்து உட்காருங்கள். ஆட்கள் வந்து பார்த்தால் அவர்களுக்கு எவ்வளவு தெம்பு என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னையில் இருக்கிறவர்களிடம் வேறொன்று கேட்கிறேன். அடையாறு, தாம்பரம், அம்பத்தூர் என்று நாம் இருபது குடும்பம் இருக்கிறோம். டீச்சருக்கு மாதம் இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். அந்த இரண்டு நாளை யார் எடுத்துக்கொள்வது என்று முறை போடலாம். தை மாதத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் எடுத்துக்கொள்கிறோம்.

டீச்சருக்கு இந்த மாதச் சம்பளம் வரை கையில் இருக்கிறது. அடுத்த மாதம் இல்லை. அவரை ஒரு துணிக்கடையில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நேரம் இரவு பத்து மணி வரை. "நீங்க சொல்லுங்க, அதுக்கப்புறம் கடைக்குப் பதில் சொல்றேன்" என்று காத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் யார் யார் என்று இந்த மடலுக்குக் கீழேயே பெயர் போட்டுவிட்டால் திங்கட்கிழமை நான் அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுவேன்.

இன்றைக்கு வகுப்பு உண்டு. அத்தாச்சி 'ழ' எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறது, மகன் பெயரில் அந்த எழுத்து வருகிறது. நான் கிளம்புகிறேன்.