தாயாருடன் லூர்து நகருக்குச் செல்கிறோம்: பயண ஏற்பாடும் அவ்வூர் நடைமுறையும்

கேள்வி: முளகுமூட்டு வாசகன்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வருகிற மே மாதம் என் தாயாரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு பிரான்சிலுள்ள லூர்து நகருக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் தேய்மானம் இருப்பதால் சற்றுத் தூரம் நடந்தாலே உட்கார இடம் தேடுவார். எங்கள் பங்கின் மாதா கெபியில் (குகை வடிவச் சிற்றாலயத்தில்) பல ஆண்டுகளாக மாலைதோறும் செபமாலை சொல்லிவரும் அவருக்கு, அன்னை காட்சியளித்த மசபியேல் குகையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. குழுப் பயணத்தில் சேர்ந்தால் ரோம், பாத்திமா என்று நாளுக்கொரு நகரமாக ஓட வேண்டியிருக்கும். அந்த ஓட்டம் அம்மாவுக்கு ஒத்துவராது. ஆகவே நாங்கள் மூவர் மட்டும் போய், லூர்திலேயே நான்கு நாள் தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.

திருவனந்தபுரத்திலிருந்து எப்படிப் போவது, ஊரில் எந்தப் பகுதியில் அறை எடுப்பது, அம்மாவின் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பவற்றைப் போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எல்லாவற்றையும்விட, அங்குள்ள மக்களிடமும் திருத்தலத்திலும் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எவற்றைச் செய்யக் கூடாது என்பதை அறிய விரும்புகிறேன். அம்மாவை யாரும் முகம் சுளித்துப் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.

பதில்: கருங்கல்காரர், துலூஸ்

ஐயா, நான் வேலை நிமித்தமாகத் துலூஸ் நகரில் வசிக்கிறேன். இங்கிருந்து லூர்துக்கு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அவ்வப்போது அழைத்துச் செல்வதால் ஏற்பாடுகளைப் பற்றிச் சொல்ல முடியும்.

அறை பதிவு செய்வதற்கு முன் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள். மே மாதத்தில் பல நாடுகளின் படைவீரர்கள் கூடும் பன்னாட்டு இராணுவத் திருப்பயணம் லூர்தில் நடைபெறும். 1958 முதல் நடந்துவரும் அந்நிகழ்வின்போது ஊர் முழுவதும் சீருடைகளும் இசைக்குழுக்களுமாக இருக்கும், விடுதிகள் நிரம்பிவிடும். பார்க்க அழகான காட்சிதான் என்றாலும், அமைதியாகச் செபிக்க வரும் முதியவருக்கு அதற்கு முந்தைய அல்லது பிந்தைய வாரமே நல்லது. லூர்து மாதா திருநாளை முன்னிட்டுப் பிப்ரவரி 11 அன்று வர விரும்புபவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: அப்போது கடுங்குளிர், பெரும்பாலான விடுதிகள் பூட்டியிருக்கும். ஊர் உயிர்ப்போடு இருப்பது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். மே மாதத்திலும் பிரனே மலையடிவாரத்து மழை சொல்லாமல் வரும் என்பதால், சேலைக்கு மேல் போட ஸ்வெட்டரும் ஆளுக்கொரு குடையும் அவசியம்.

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா நகர் ஒன்றில் விமானம் மாறிப் பாரிஸ் வருவதே எளிய வழி. சக்கர நாற்காலி வேண்டும் என்பதைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது விமான நிறுவனத்திடம் பதிவு செய்துவிடுங்கள். பாரிசில் இறங்கிய அன்றே ரயில் ஏற முயல வேண்டாம். மொன்பர்னாஸ் நிலையத்துக்கு அருகில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை புறப்படுங்கள். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர டாக்சிக்கு அரசே நிலைக் கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. மொன்பர்னாஸ் இருக்கும் சேன் நதியின் இடக்கரைப் பகுதிக்கு 2025 நிலவரப்படி 65 யூரோ. வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து "டாக்சி, டாக்சி" என்று அழைப்பவர்களுடன் போகாமல், வெளியில் அதற்கென உள்ள வரிசையில் நின்று ஏறுங்கள். மொன்பர்னாசிலிருந்து லூர்துக்கு டிஜிவி எனப்படும் நேரடி அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நிலையத்தில் சுமைதூக்குவோர் கிடையாது, கதவுகளும் புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடப்படும். எனவே நீங்களே தூக்கக்கூடிய அளவுக்கு மட்டும் பெட்டிகளைக் கொண்டுவாருங்கள். நடக்க இயலாதவர்களைப் பெட்டி வரை கொண்டுவிடும் இலவச உதவி ரயில் நிலையங்களில் உண்டு. அதையும் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

பிரான்சுக்கு மட்டும் வருவதால் விசா விஷயத்தில் குழப்பமில்லை. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தங்கும் இடத்தைப் பொறுத்தவரை, லூர்து மேடும் பள்ளமுமான ஊர். ரயில் நிலையமும் உள்ளூர் மக்களின் கடைவீதியும் மேட்டில் இருக்கின்றன. திருத்தலமோ கீழே, காவ் ஆற்றங்கரையில் இருக்கிறது. மேட்டில் அறை மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். புனித யோசேப்பு வாயிலுக்கோ புனித மிக்கேல் வாயிலுக்கோ அருகில், ஏற்றம் இல்லாத தெருவில், மின்தூக்கி உள்ள விடுதியாகப் பாருங்கள்.

பதில்: குளச்சல் செவிலி

அண்ணா, நான் செவிலியாகப் பணிபுரிபவள். நோயாளிகளை லூர்துக்கு அழைத்துச் செல்லும் ஒரு குழுவுடன் போயிருக்கிறேன். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லூர்தில் முதலிடம் நோயாளிகளுக்கு. நம் ஊர்த் திருவிழாக்களில் முக்கியப் பிரமுகர்களுக்கு முன்வரிசை ஒதுக்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். குகையானாலும் நற்கருணைப் பவனியானாலும், சக்கர நாற்காலியிலும் இழுவண்டியிலும் வருபவர்கள் முன்னால் போவார்கள். நடக்கக்கூடியவர்கள் விலகி வழிவிடுவார்கள். அம்மாவுக்கு நாற்காலி எடுத்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டாம், அதை அங்கே யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு நாற்காலிக்குப் பின்னால் குடும்பமே நுழைந்துவிட முயல்வது சரியன்று. துணைக்கு ஒருவர் போதும்.

1858 பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பெர்னதெத் என்ற சிறுமி பதினெட்டு முறை மாதாவின் காட்சி கண்ட அந்தக் குகையில், அறிவிப்புப் பலகை சொல்வதற்கு முன்பே மனிதர்களின் அமைதி நம்மைக் கட்டிவிடும். 1864-இல் நிறுவப்பட்ட மாதா சுரூபம் மேலே மாடத்தில் நிற்க, மக்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே சென்று, ஈரமும் குளிர்ச்சியுமான பாறையை உள்ளங்கையால் தடவியபடி மெல்ல நகர்ந்து வெளியே வருவார்கள். உள்ளே இடப்பக்க மூலையில், கண்ணாடிக்கு அடியில் ஊற்று தெரியும். அம்மாவுக்கு அதைக் காட்டுங்கள். சத்தமாகச் செபமாலை சொல்வது, கைப்பேசியை ஒலிக்க விடுவது, வீட்டாருக்கு வீடியோ அழைப்பில் குகையைக் காட்டுவது ஆகியவை வேண்டாம். நம் பெண்கள் கூடிப் பாடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம் என்று எனக்குத் தெரியும். பாடுவதற்கு இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரிப் பவனி இருக்கிறது. பல மொழிகளில் செபமாலை நடக்க, "ஆவே மரியா" வரும்போதெல்லாம் ஆயிரக்கணக்கானோர் மெழுகுதிரியை உயர்த்துவார்கள். அங்கே அம்மா தாராளமாகப் பாடலாம்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். நோயாளிகளைப் படம் எடுக்காதீர்கள். உடல் குன்றிய குழந்தையைப் பார்த்து இரக்கத்தில் "என்ன நோய்?" என்று பெற்றோரிடம் விசாரிப்பதும் அங்கே நாகரிகமாகக் கருதப்படாது. புன்னகைத்துத் தலையசைத்தால் போதும்.

ஊற்று நீரைக் குழாய்களில் இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம். தீர்த்தப் பகுதியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. உதவியாளர்கள் கைகளில் நீர் ஊற்ற, முகம் கழுவி ஒரு மிடறு குடிக்கலாம். நீர் மிகவும் குளிர்ந்திருக்கும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

முளகுமூட்டு வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி. இராணுவத் திருப்பயணம் பற்றி அறியாமல், அந்த வாரத்திலேயே அறை பார்த்துக்கொண்டிருந்தோம், தேதியை மாற்றிவிடுகிறோம். சாப்பாடு பற்றியும் கடைகளில் பழகும் முறை பற்றியும் யாரேனும் சொல்ல முடியுமா? அம்மா மாட்டிறைச்சி உண்பதில்லை, மீன் சாப்பிடுவார்.

பதில்: திற்பரப்பு ஆசிரியை

தம்பி, பிரான்சின் சிற்றூர்களில் மரியாதையின் தொடக்கம் வணக்கம் சொல்வதுதான். கடைக்குள் நுழைந்ததும், பொருளைப் பார்ப்பதற்கு முன், "போன்ழூர் மதாம்" அல்லது "போன்ழூர் மொசியே" என்று சொல்லிவிட வேண்டும். பேருந்து ஓட்டுநருக்கும் விடுதி மின்தூக்கியில் எதிர்ப்படுபவருக்கும் அதே முறைதான். வணக்கம் இல்லாமல் நேராக "விலை என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் முகம் இறுகிவிடும், அதை இனப் பாகுபாடு என்று நம்மவர்கள் சிலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ரொட்டிக் கடையில் கவனித்துப் பாருங்கள்: வருபவர் வணங்கி, வேண்டியதைச் சொல்லி, காசைக் கையில் கொடுக்காமல் மேசையிலுள்ள சிறு தட்டில் வைப்பார், மீதியும் அதே தட்டில் வரும். சந்தையில் பழங்களை எடுத்து அழுத்திப் பார்க்கக் கூடாது, கடைக்காரரே எடுத்துத் தருவார். பேரம் பேசும் வழக்கம் கிடையாது.

மதிய உணவு பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரைதான். இரண்டரைக்குப் போனால் பல உணவகங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள். லூர்து விடுதிகள் பலவற்றில் அறையோடு காலை, இரவு உணவும் சேர்த்து எடுக்க முடியும். அம்மாவின் நிலைக்கு அதுதான் வசதி. இரவு உணவுக்குக் குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள் என்பதால் தாமதிக்காதீர்கள். மாட்டிறைச்சி வேண்டாம், மீன் போதும் என்பதை வந்த அன்றே வரவேற்பில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். குவளைத் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் தனிக் காசு இல்லை. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கும். மனமிருந்தால் சில நாணயங்களை வைத்துவிட்டு வரலாம்.

கொண்டுபோகும் பண்டங்களில் கவனம் தேவை. இறைச்சியும் பால் பொருள்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை என்பதால் நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் இருக்கக் கூடாது. கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் ஆகாது. வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை, ஆகவே நம் மட்டிப் பழத்தில் ஒரு சீப்பு வழியில் சாப்பிட எடுத்துக்கொள்ளலாம். ஏத்தங்காய் சிப்சும் எலுமிச்சை ஊறுகாயும் அம்மாவுக்குப் போதும். அறைக்குள் சமைக்க முயல வேண்டாம். பெரும்பாலான விடுதிகள் அதை அனுமதிப்பதில்லை.

பதில்: கருங்கல்காரர், துலூஸ்

ஒரு செய்தி விடுபட்டுவிட்டது. புனித பெர்னதெத்தின் உடலை லூர்தில் காணலாம் என்று நம்மவர் பலர் எண்ணி வருகிறார்கள். அது பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள நெவேர் நகரின் கன்னியர் மடத்தில் இருக்கிறது. நான்கு நாள் பயணத்தில் அதைச் சேர்த்தால் அம்மாவுக்கு அலைச்சல் கூடும். லூர்திலேயே பெர்னதெத் பிறந்த, 'போலி' (Boly) என்ற பெயருடைய மாவு ஆலையும், வறுமையில் குடும்பம் ஒண்டியிருந்த பழைய சிறை அறையும் இருக்கின்றன. அந்த ஒற்றை அறையில் ஆறு பேர் வாழ்ந்திருக்கிறார்கள். இரண்டும் திருத்தலத்திலிருந்து சிறிது தூரத்தில் மேட்டுப் பக்கம் இருப்பதால், போகும்போது டாக்சியில் போய்விட்டு, இறக்கத்தில் மெல்ல நடந்து திரும்பலாம். புறப்படும் தேதி முடிவானதும் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். விடுமுறை அமைந்தால் நிலையத்தில் பெட்டி தூக்க நானே வருகிறேன்.