விசில் வரவில்லை என்றால் கோல் அடிக்கலாமா? சிறுவர் கால்பந்து குறித்து ஒரு விவாதம்

நடுக்களம்:
13 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன ஆட்டத்தில் நடந்த ஒன்றால் எங்கள் பெற்றோர் குழுவில் சண்டையே மூண்டுவிட்டது. அதை இங்கே வைக்கிறேன்.

ஆட்டம் முடியப்போகும் நேரம், 1-1. உயரமாக வந்த பந்துக்கு இரண்டு பையன்கள் எகிறினார்கள். எதிரணி டிஃபெண்டர் தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். பந்து எங்கள் ஸ்ட்ரைக்கர் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். நடுவர் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்ததால் விழுந்தவனைக் கவனிக்கவில்லை, விசில் ஊதவில்லை. எங்கள் பையன் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பந்தை வெளியே தட்டிவிட்டு விழுந்தவனிடம் ஓடினான். ஆட்டம் டிரா.

எல்லார் முன்னாலும் அவனைப் பாராட்டினேன். "கையில் இருந்த கோலை விட்டவனுக்குப் பாராட்டா?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். "விசில் வரும்வரை ஆடு என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்றும் கேட்கிறார்கள். அவன் செய்தது சரி, இனிமேலும் அப்படித்தான் செய்யச் சொல்வேன். மாற்றுக் கருத்து இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள்.

கடைசிநிமிடம்:
எனக்கு இருக்கிறது. பையனைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு நல்ல மனசு. நீங்கள் பாராட்டியதோடு நிற்காமல் அதை எல்லாருக்கும் கட்டளையாக்கப் பார்க்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது.

ஆட்டத்தை நிறுத்துவது நடுவரின் வேலை. கால்பந்து விதிகளில் நடுவரைப் பற்றிய ஐந்தாம் விதியில் தெளிவாகவே இருக்கிறது: லேசான அடி என்று நடுவருக்குத் தோன்றினால் பந்து வெளியே போகும்வரை ஆட்டம் தொடரலாம், பலத்த அடி என்றால் அவரே நிறுத்த வேண்டும். எது லேசு, எது பலம் என்று தீர்மானிக்கிற பொறுப்பை, முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் 12 வயதுப் பையனிடம் ஏன் கொடுக்கிறீர்கள்?

இன்னொன்று. விழுந்தால் எதிரணி நின்றுவிடும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் விழக் கற்றுக்கொள்வார்கள். பந்தைப் பறித்த எதிரணி வேகமாகக் கவுன்டர் அட்டாக் கிளம்பியதும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு படுப்பதைப் பெரியவர்கள் ஆட்டத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? அந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டதே எழுதாத இந்த மரியாதைதான்.

வலதுவிங்:
இத்தாலிய வீரர் பாவ்லோ டி கானியோவை மறந்துவிட முடியுமா? 2000 டிசம்பரில் இங்கிலாந்தில், எவர்டன் அணியின் மைதானத்தில் வெஸ்ட் ஹாம் அணிக்காக ஆடினார். இதே 1-1, இதே கடைசி நேரம். எவர்டன் கோல்கீப்பர் பால் ஜெரார்ட் அடிபட்டுத் தரையில் கிடக்கிறார். ஓரத்திலிருந்து கோல் முன்னால் கிராஸ் பறந்து வருகிறது. டி கானியோ அடிக்கவில்லை, பந்தைக் கையால் பிடித்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு ஃபிஃபாவின் ஃபேர் ப்ளே விருதும் வந்தது.

இதே ஆள்தான் 1998-ல் நடுவரைத் தள்ளிவிட்டு 11 ஆட்டங்கள் தடை வாங்கியவர். "நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை" என்று கோச்சுகள் முத்திரை குத்தும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

கடைசிநிமிடம்:
அருமையான செயல், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு அப்போது 32 வயது. தன் முடிவின் விளைவைத் தானே தாங்கக்கூடிய ஆள்.

எழுதாத மரியாதை சண்டையில் முடிந்த கதைகளையும் பார்ப்போம். 1999-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில், அடிபட்ட தன் வீரருக்காக ஷெஃபீல்ட் யுனைடெட் பந்தை வெளியே தட்டியது. பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோ-இன்னில், எதிரணியான ஆர்சனல் வழக்கப்படி பந்தைத் திருப்பிக் கொடுக்க முயன்றது. அன்றுதான் அணிக்குப் புதிதாக வந்திருந்த கானு அதைப் புரிந்துகொள்ளாமல் பந்தை எடுத்துக்கொண்டு ஓட, அதே அணியின் ஓவர்மார்ஸ் கோல் அடித்தார். விதிப்படி அது முறையான கோல்தான். ஆர்சனல் பயிற்சியாளர் வெங்கர் தானாகவே முன்வந்து மறு ஆட்டம் தருவதாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

2019 ஏப்ரலில் லீட்ஸ், ஆஸ்டன் வில்லா என்ற இங்கிலாந்து அணிகளின் ஆட்டத்தில் நடந்தது இன்னும் மோசம். வில்லா வீரர் ஒருவர் கீழே கிடக்கிறார். லீட்ஸ் வீரர் பந்தை வெளியே தட்டப்போகிறார் என்று வில்லாக்காரர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். அவர் தட்டவில்லை, பந்து முன்னால் போய் கோல் ஆனது. உடனே தள்ளுமுள்ளு. ஒரு பக்கம் வாக்குறுதி என்று நினைத்ததை மறுபக்கம் அப்படி நினைக்கவில்லை. தொழில்முறை வீரர்களுக்கே இந்தக் குழப்பம் என்றால் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்?

நடுக்களம்:
லீட்ஸ் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதியைச் சொல்கிறேன். லீட்ஸ் பயிற்சியாளர் பியெல்சா ஓரக்கோட்டிலிருந்து தன் அணிக்கு உத்தரவிட்டார்: ஒதுங்கி நில்லுங்கள், அவர்கள் கோல் போடட்டும். வில்லா நடந்தே போய் கோல் போட்டது. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. அவருடைய வீரர் ஒருவரே பொறுக்காமல் அதைத் தடுக்கப் பார்த்தார், அப்போதும் பியெல்சா அசையவில்லை.

நான் சொல்ல வந்ததும் இதுதான். சுமை பையனுடையது இல்லை, கோச்சுடையது. "யாராவது அடிபட்டுக் கிடந்தால் பந்தை வெளியே தட்டு, கோல் போனால் பழி என்னுடையது" என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவன் எதையும் எடைபோட வேண்டியதில்லை. ஒன்றுமே சொல்லாமல் விடும்போதுதான் அந்த நொடியின் பாரம் முழுவதும் அவன்மேல் விழுகிறது.

பிள்ளைகளால் தீர்மானிக்க முடியாது என்பதையும் நான் முழுசாக ஏற்கமாட்டேன். ஜெர்மனியில் ஆஹன் வட்டாரத்தில் தொடங்கிய ஃபேர் ப்ளே லீக் முறையைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் நடுவரே கிடையாது. த்ரோ-இன் யாருக்கு, ஃபவுலா இல்லையா என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்கிறார்கள். இரண்டு கோச்சுகளும் ஒரே இடத்தில் சேர்ந்து நின்று, தேவைப்பட்டால் மட்டும் உதவுவார்கள். பெற்றோர் மைதானத்திலிருந்து தள்ளி நிற்க வேண்டும். பெரியவர்கள் குரல் குறைந்தால் பிள்ளைகளுக்கு நியாயம் நன்றாகவே தெரிகிறது.

ஓரக்கோட்டு அம்மா:
கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். இத்தனை பதிவுகளில் அந்தக் கீழே விழுந்த பையன் என்ன ஆனான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே? தலையில் இடித்திருக்கிறது. எழுந்து திரும்ப ஆடினானா?

என் மகளுக்குத் தலையால் பந்தை முட்ட, ஹெடர் போகும்போது இப்படி மோதிக்கொண்டது. மயங்கவில்லை, நன்றாகத்தான் பேசினாள். சாயங்காலம்தான் தலைவலியும் குமட்டலும் வந்தது. மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் வந்தே ஆக வேண்டும் என்று இல்லை, அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்று டாக்டர் அப்போதுதான் சொன்னார். முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால் ஆபத்து அதிகம், வளரும் பிள்ளைகளுக்கு அது இன்னும் அதிகம். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளையைத் திரும்ப இறக்கவே கூடாது.

கோல், டிரா எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நடுக்களம்:
ரொம்ப நியாயமான கேள்வி, அம்மா. அவர்கள் கோச் உடனே அவனை வெளியே எடுத்துவிட்டார், திரும்ப இறக்கவில்லை. மறுநாள் போன் செய்து விசாரித்தேன், நன்றாக இருக்கிறான். எங்கள் பையன் பந்தை வெளியே தட்டாமல் இருந்திருந்தால், எல்லாரும் கோலைக் கொண்டாடி முடித்துத் திரும்பும்வரை அவன் அப்படியே கிடந்திருப்பான்.

விசில்காரன்:
சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராகப் போகிறவன். பெரும்பாலும் தனியாகத்தான். ஓரக்கோட்டில் கொடியோடு உதவும் லைன்ஸ்மேன் கிடையாது. அப்படியே இருந்தாலும், அது யாராவது ஒரு பிள்ளையின் அப்பாவாகத்தான் இருக்கும். பந்து ஒரு பக்கம் போகும்போது முதுகுக்குப் பின்னால் நடப்பது எங்களுக்குத் தெரியாது. "நடுவர் பார்த்துக்கொள்வார்" என்று கடைசிநிமிடம் சொல்வது நான்கு பேர் நடுவர் குழுவும் வீடியோவும் இருக்கும் ஆட்டத்துக்குப் பொருந்தலாம். எங்களுக்கு மைதானத்தில் இருக்கும் மற்ற கண்களும் வேண்டும்.

ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு உண்மை இருக்கிறது. 2019-ல் விதி மாறியது. இப்போது நாங்கள் ஆட்டத்தை நிறுத்தினால், பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் டிராப் பாலைப் பந்து யாரிடம் இருந்ததோ அந்த அணிக்கே கொடுக்கிறோம், அது தெளிவாக இல்லை என்றால் கடைசியாகத் தொட்ட அணிக்கு. மற்றவர்கள் 4 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி ஏரியாவுக்குள் என்றால் பந்து அந்தப் பக்கத்துக் கோல்கீப்பருக்குப் போகும். அதனால் பந்தை வெளியே தட்டி, பிறகு அதைத் திருப்பிக் கேட்கும் பழைய சடங்குக்குத் தேவை குறைந்துவிட்டது. பிள்ளைகள் கையைத் தூக்கி "சார், தலை!" என்று கத்தினாலே போதும். தலை என்று கேட்டால் நான் யோசிக்காமல் ஊதுவேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நடுவரிடம் அப்படிக் கத்தலாம் என்ற நம்பிக்கை பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? ஓரக்கோட்டிலிருந்து முழு ஆட்டமும் என்னைத் திட்டும் அப்பாக்களைப் பார்த்து வளரும் பிள்ளை, நடுவர் என்றால் எதிரி என்றே நினைக்கிறது. என்னோடு நடுவராகத் தொடங்கிய பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர், பெரியவர்களின் ஏச்சுப்பேச்சு தாங்காமல் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எதிர்த்துப் பேசினால் 10 நிமிடம் வெளியே உட்கார வைக்கும் தற்காலிக நீக்கத்தை இங்கிலாந்து 2019-20 சீசனிலிருந்து அடிமட்ட ஆட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிறுவர் ஆட்டங்களுக்கு அதை விதிகளே அனுமதிக்கின்றன. நம் லீக்குகளும் எடுத்துக்கொள்ளலாம். 2024-லிருந்து, பெரிய முடிவுகளின்போது கேப்டன் மட்டும் நடுவரிடம் வரலாம் என்ற வழிகாட்டுதலும் இருக்கிறது.

இதை அலட்சியமாக விட்டால் எங்கே போகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரெ நகரில், தன் மகன் ஆடிய ஆட்டத்துக்கு லைன்ஸ்மேனாக நின்ற ஒரு தந்தையை எதிரணிப் பையன்கள் அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்துவிட்டார். அடுத்த வார இறுதியில் நாடு முழுவதும் அமெச்சூர் ஆட்டங்களை ரத்து செய்தார்கள். அதற்காகத் தண்டனை பெற்றவர்களில் ஒரு பையனின் தந்தையைத் தவிர மற்ற எல்லாரும் பதின்ம வயதுப் பையன்கள். ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் இதைப் பெற்றோருக்குச் சொல்கிறேன், சொல்வதை நிறுத்தப்போவதும் இல்லை.

புள்ளிப்பட்டியல்:
அப்படியானால் நல்ல நடத்தைக்குப் புள்ளி கொடுத்துவிடலாமே? கார்டு குறைவாக வாங்கிய அணிக்கு சீசன் முடிவில் கூடுதல் புள்ளி.

கடைசிநிமிடம்:
வேண்டவே வேண்டாம். 2018 உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் எல்லாக் கணக்கிலும் சமம். மஞ்சள் அட்டை குறைவு என்பதால் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. அதற்காகக் கடைசி நிமிடங்களில் என்ன செய்தார்கள்? போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்தும் கோலுக்கு முயலாமல் பின்னால் பந்தை உருட்டிக்கொண்டே இருந்தார்கள். அரங்கமே கூச்சலிட்டது. நடத்தைக்குப் புள்ளி வைத்தால் பிள்ளைகள் புள்ளிக்காக நடப்பார்கள்.

வலதுவிங்:
இதில் கடைசிநிமிடத்தோடு ஒத்துப்போகிறேன். 2012-ல் இத்தாலியின் லாட்சியோ அணிக்காக ஆடிய ஜெர்மன் வீரர் க்ளோசே, நாபோலி அணிக்கு எதிராகப் பந்து தன் கையில் பட்டுத்தான் கோல் ஆனது என்று நடுவரிடம் தானே போய்ச் சொன்னார். கோல் ரத்து. அன்று லாட்சியோ 0-3 என்று தோற்றது. அவர் புள்ளிக்காகச் சொல்லவில்லை.

கடைசிநிமிடம்:
சரி, விசில்காரன் சொன்னதையும் அம்மா சொன்னதையும் யோசித்தேன். தலை என்றால் நிற்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும். அதை என் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். கணுக்கால், முழங்கால் என்றால் என் நிலை மாறவில்லை. நடுக்களம் எல்லாவற்றுக்கும் நிற்கச் சொல்கிறார். அங்கேதான் நடிப்பு நுழையும்.

நடுக்களம்:
அடியின் அளவு 12 வயதுப் பையனுக்குத் தெரியாது என்று முதல் பதிவில் நீங்களே சொன்னீர்கள். தெரியாது என்பதால்தான் எல்லாவற்றுக்கும் நிற்கச் சொல்கிறேன். முழங்கால் என்று நினைத்தது எலும்பு முறிவாக இருந்தால்? நடித்து விழுந்தவனால் எங்களுக்கு ஒரு வாய்ப்பு போகும், போகட்டும். 13 வயதுக்குட்பட்ட ஆட்டத்தில் அந்த வாய்ப்பை இழக்க எனக்குச் சம்மதம்.

கடைசிநிமிடம்:
உங்களுக்குச் சம்மதம். அந்த வாய்ப்புக்காக 40 மீட்டர் ஓடிவந்த பையனுக்கு? நடித்து விழுந்தவனை அவனுடைய சொந்தக் கோச்சே அந்த ஆட்டம் முழுக்க உட்கார வைக்க வேண்டும் என்று லீக்கில் எழுத்தில் கொண்டுவாருங்கள். அதற்கு என் கையெழுத்து முதலில் இருக்கும். அப்புறம் கணுக்காலுக்கும் நிற்கச் சொல்கிறேன்.

நடுக்களம்:
அடுத்த லீக் கூட்டத்தில் வைக்கிறேன். வரைவை இங்கேயே போடுகிறேன், வார்த்தைகளைத் திருத்துங்கள்.

விசில்காரன்:
அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நடித்தானா இல்லையா என்று தீர்மானிப்பது கோச் மட்டும். பெற்றோர் வெளியிலிருந்து "நடிக்கிறான்" என்று கத்தினால் ஆட்டத்தை நிறுத்துவேன்.