கோவிட் களைப்பு இன்னும் போகாத ஊழியர் வேலைக்குத் திரும்புகிறார், என்ன மாற்றம் செய்யலாம்?

நீலவானம்:
என் குழுவில் ஒருவர் பல மாத மருத்துவ விடுப்பு முடிந்து அடுத்த வாரம் வருகிறார். மூச்சு வாங்குவது குறைந்துவிட்டதாம், களைப்பும் மறதியும்தான் விடவில்லை. முதல் வாரம் அரை நாள், இரண்டாம் வாரம் முக்கால் நாள், மூன்றாம் வாரத்திலிருந்து முழு நாள் என்று மேலிடம் அட்டவணை போட்டுவிட்டது. பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது, ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு என்ன கேட்கலாம்?

தறி:
அந்த அட்டவணைதான் எனக்கும் வினையானது. இந்தக் களைப்பு பலருக்கு வேலை செய்த அன்றே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் ஆளை அடித்துப்போடும். திங்கட்கிழமை கூட்டத்தில் தெளிவாகப் பேசியவர் புதன்கிழமை படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பார், திங்கட்கிழமை பார்த்தவர்களோ "நன்றாகத்தானே இருந்தார்" என்பார்கள். நேரத்தைத் தேதி பார்த்துக் கூட்டாதீர்கள். போன வாரம் எப்படிப் போனது என்று பார்த்துக் கூட்டுங்கள், குறைக்கவும் வழி இருக்கட்டும். அறிகுறிகள் ஏறி இறங்கலாம், திரும்பவும் வரலாம் என்று நீண்டகாலக் கோவிட்டுக்கு (கோவிட் போன பிறகும் விடாத இந்தப் பாதிப்புக்கு) உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தந்த வரையறையிலேயே இருக்கிறது, மேலிடத்துக்கு அதைக் காட்டுங்கள்.

மரநிழல்:
நேரத்தோடு வேலையையும் பாருங்கள். கோவிட்டுக்குப் பிறகு சிலருக்கு எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு இருந்ததைவிட நிமிடத்துக்கு 30க்கு மேல் கூடிவிடும். அவர்களை நின்றபடியே வேலை செய்ய வைப்பது கொடுமை, ஒரு ஸ்டூல் போட்டாலே பெரிய உதவி. மறதிக்கு, வாயால் சொன்னதை நாலு வரி எழுதி அனுப்புங்கள். கூட்டங்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். முடிந்தால் வீட்டிலிருந்து வேலை, ஏனென்றால் பயணமே பாதித் தெம்பைத் தின்றுவிடும். அப்புறம், அவருடைய மிச்ச வேலை யாருக்குப் போகிறது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் சக ஊழியர்களின் எரிச்சல் அவர் மேல்தான் திரும்பும்.

கரைமணல்:
இதெல்லாம் சலுகை இல்லை என்பதும் மேலிடத்துக்குத் தெரியட்டும். ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. நீண்டகாலக் கோவிட் அதில் அடங்குமா என்பது பாதிப்பின் அளவையும் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது, விசாரித்துக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காமல் நோய் விவரத்தைக் குழுவில் சொல்லிவிடாதீர்கள்.

நீலவானம்:
சரி, அட்டவணையை மாற்றச் சொல்லிப் பேசுகிறேன். ஆனால் அவரே "சமாளித்துவிடுவேன்" என்றால்?

தறி:
அப்படித்தான் சொல்வார், வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். "முடியுமா" என்று கேட்காமல் "அந்த வேலையை முடித்த மறுநாள் எப்படி இருந்தீர்கள்" என்று கேளுங்கள்.