நல்ல வாக்கியங்களைச் சொல்லச் சொல்ல மனம் இன்னும் சுருங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ‘நான் திறமையானவள்’, ‘நான் அன்புக்குத் தகுதியானவள்’ என்று தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று சொல்லி வருகிறேன். சில மாதங்கள் ஆகிவிட்டன. சொல்லி முடித்த மறுகணமே உள்ளுக்குள் ஒரு குரல் ‘யாரிடம் கதை விடுகிறாய்?’ என்கிறது. அப்புறம் பழைய தோல்விகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. யாராவது பாராட்டினால், அவர்கள் என்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. தூக்கம், பசியில் குறையில்லை.

குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன். என் குரலில் பதிவு செய்து படுக்கும் முன் கேட்டேன். அது இன்னும் மோசம், அந்தக் குரலிலேயே நம்பிக்கை இல்லை. ‘நான்’ என்பதற்குப் பதில் என் பெயரைச் சொல்லி எனக்கு நானே பேசியபோது பதற்றம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

தேடியதில், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவின் 2009 ஆய்வு கண்ணில் பட்டது. ‘நான் அன்புக்குரியவர்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, தன்மதிப்பு ஏற்கெனவே குறைந்தவர்களின் மனநிலை, சொல்லாதவர்களைவிட மோசமாக இருந்தது. என் கதையும் அதுதான். ஆனால் 1988இல் உளவியலாளர் கிளாட் ஸ்டீல் முன்வைத்த ‘சுய உறுதிப்பாடு’ (self-affirmation) கோட்பாட்டை ஒட்டி வளர்ந்த பயிற்சி வேறு மாதிரி. அதில் தன்னைப் புகழ்வதில்லை; நேர்மையோ உறவோ, தனக்கு எது முக்கியம், ஏன் முக்கியம் என்று எழுதுகிறார்கள். நம்பாத எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

தன்மதிப்பு குறைந்த நிலையில் தொடங்கி, இப்படி எழுதியதால் தன்னைப் பற்றிய பார்வை உண்மையிலேயே மாறியவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?