மெட்ராஸ் ஐ வந்தபோது உங்கள் வீட்டில் கண்ணில் எதை ஊற்றினார்கள்?

தாழ்வாரம்:

2022 நவம்பர். மழை விட்டு இரண்டு நாள். அப்போது சென்னையில் யார் வீட்டில்தான் இல்லை, அதனால் எப்படி வந்தது என்றெல்லாம் எழுதவில்லை. மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்தாள், அடுத்து நான். காலையில் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் பீளையில் ஒட்டிக் காய்ந்துபோய், சுவரைத் தடவித் தடவி பாத்ரூம் போனேன்.

அத்தை (மாமியார்) ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்குப் போனார். மாடியில் குடியிருந்த பெண்ணுக்கு நாலு மாதக் கைக்குழந்தை. திரும்பி வந்தபோது அத்தை கையில் ஒரு வெள்ளிப் பாலாடை, அதன் அடியில் ஒரு ஸ்பூன் அளவுக்குத் தாய்ப்பால். "அண்ணாந்து படு" என்றார். படுத்தேன். வெதுவெதுப்பாக, இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். மகளுக்கும் இரண்டு சொட்டு.

உறுத்துவது அது இல்லை. பாலாடையைக் கழுவி மகள் கையில் கொடுத்து மேலே அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் வரவேண்டியவள் அரை மணி நேரம் வரவில்லை. பாப்பா விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்று வந்து பெருமையாகச் சொன்னாள். காலையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த அதே விரல்.

ஆறாம் நாள் அந்தக் குழந்தைக்கு இரண்டு கண்ணும் வீங்கிவிட்டது. ஊரெல்லாம் இருந்த நோய்தான், எங்களிடமிருந்துதான் போனது என்று சொல்ல முடியாது. அந்தப் பெண்ணும் எதுவும் கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்காக கேட்டில் நின்றவள் என்னைப் பார்த்ததும், "உங்களுக்குச் சரியாயிடுச்சாக்கா?" என்றாள்.

நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வைகைக்கரை:

எங்கள் ஊரில் நந்தியாவட்டைதான். அப்பாயி ராத்திரியே பூவைப் பறித்துச் சொம்புத் தண்ணீரில் போட்டு, சொம்பை முற்றத்தில் பனியில் வைத்துவிடும். விடிந்ததும் பூவை எடுத்து மூடிய கண் மேல் வைத்து, பழைய வேட்டித் துணியால் தலையைச் சுற்றிக் கட்டும். அந்தச் சில்லிப்பு இருக்கிறதே! எரிச்சல் அப்படியே அடங்கும். பள்ளிக்கூடமும் கிடையாது.

போன வருஷம் எனக்கு வந்தது. வயது நாற்பத்தி மூன்று. அபார்ட்மெண்ட் வாசலில் நந்தியாவட்டைச் செடி, கூப்பிடாமலே கூப்பிட்டது. நாலு பூவைப் பறித்துக் குழாயில் நனைத்து அப்படியே கண் மேல் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சுள்ளென்று ஒரு எரிச்சல், கண்ணில் மிளகாய் பட்ட மாதிரி. துள்ளி எழுந்து பார்த்தால் பூவின் காம்பில் வெள்ளையாகப் பால் கசிந்து நிற்கிறது. அப்பாயி காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் சொம்பில் போட்டிருக்க வேண்டும். முப்பது வருஷம் கழித்து அதைக் கேட்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான், நான் குழாயடியில் குனிந்து கண்ணைக் கழுவிக்கொண்டே "ஒன்றுமில்லை தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூணு பிள்ளைக்காரி:

தாழ்வாரம், நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஏதோ தாய்ப்பாலால்தான் நோய் பரவியது போல இருக்கிறது. கழுவாத கையால் பரவியதற்குப் பால் என்ன பண்ணும்? என் மூன்று பிள்ளைகளுக்கும் நான் விட்டிருக்கிறேன், மூன்று பேருக்கும் ஒரு வாரத்தில் சரியானது. பெரியவனுக்கு விட்டபோது அவன் "அம்மா, இது தம்பியோடதுல்ல?" என்று கேட்டான். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. நம் பெரியவர்கள் முட்டாள்கள் இல்லை.

கடைக்குட்டி:

எங்கள் வீட்டில் ஏழு பேர், கொடியில் ஒரே துண்டு. அண்ணன், அக்கா, நான், அம்மா, சித்தி, அப்பா என்று ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருவருக்காக வந்தது. தாத்தா மட்டும் "எனக்கெல்லாம் வராது, நான் காலையில் வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து மெல்லுகிறவன்" என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் சரியான மறுநாள் காலை திண்ணையிலிருந்து ஒரு குரல்: "யாராவது வந்து என் கண்ணைத் துடைத்துவிடுங்கப்பா."

யாரோ அதே துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

வெள்ளுடை (ஓய்வு):

கண் வார்டில் இருபத்தாறு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். எனக்கு வந்தது ஒரே முறை, அதுவும் என் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு. போட்டோவில் நான் மட்டும் தலை குனிந்தே இருப்பேன், எல்லோரும் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். என் கதை அவ்வளவுதான்.

மூணு பிள்ளைக்காரி, கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. ஒரு வாரத்தில் சரியானது பாலால் இல்லை, வாரத்தால். ஊரோடு வருகிற கண்வலி பெரும்பாலும் அடினோ வைரஸ். ஒன்றிலிருந்து இரண்டு வாரம் இருந்துவிட்டு அதுவே போய்விடும். பன்னீர் விட்டவர் பன்னீர் என்பார், விளக்கெண்ணெய் விட்டவர் விளக்கெண்ணெய் என்பார், மந்திரித்தவர் மந்திரம் என்பார். தாய்ப்பாலில் எதிர்ப்புச் சக்தி இருப்பது உண்மைதான், ஆனால் அது குழந்தை குடிக்க. கண்ணில் விட்டால் அதில் உள்ள சர்க்கரை கிருமிக்கும் சாப்பாடு. தேனும் அப்படித்தான், சமையலறைத் தேன் சுத்தமாக்கப்பட்ட மருந்து இல்லை. இந்தச் செடிச் சாறுகள் எதையுமே கண்ணுக்குள் விடாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி பெரிதாகத் தெரியாது, பார்வை மட்டும் பனி மூடின மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். யாரும் கேட்கவில்லை, தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். சுத்தமான பஞ்சை அதில் நனைத்து, மூடிய கண்ணை மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடைத்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள். அடுத்த இழுப்புக்கு அடுத்த பஞ்சு. பீளை காய்ந்து ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், வெதுவெதுப்பான பஞ்சை ஐந்து நிமிடம் வைத்தால் தானே இளகும். எரிச்சலுக்கு, குளிர்ந்த தண்ணீரில் பிழிந்த துணியை மூடிய கண் மேல் வைத்தாலே போதும். அப்பாயி பூ வைத்துத் தந்தது அந்தக் குளிர்ச்சியைத்தான் தம்பி, அதைக் குறை சொல்ல மாட்டேன். உறுத்தலுக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து விடலாம்.

துண்டு, தலையணை உறை, சோப்பு எல்லாம் தனி. கண் மை வேண்டாம், பழைய மை டப்பாவைத் தூக்கிப் போடுங்கள். போன முறை மிச்சம் வைத்த சொட்டு மருந்தை எடுக்காதீர்கள். முக்கியமாக, மருந்துக் கடையில் "சிவப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று ஸ்டீராய்டு சொட்டு வாங்காதீர்கள். அக்கி வைரஸ் கண்ணில் இருந்தால் அது கருவிழியைத் தின்ன வழிவிட்டுவிடும். ஆன்டிபயாடிக் சொட்டு, மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் வருகிற பாக்டீரியா கண்வலிக்கு. வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. ரொம்ப அரிப்பு, தும்மல், தண்ணீராக வடிகிறது என்றால் அது ஒவ்வாமை, ஒட்டவே ஒட்டாது.

பிறந்து ஒரு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கண்ணில் பீளை என்றால் பாலாடையைத் தேடாதீர்கள், அன்றே ஆஸ்பத்திரி. வெளிச்சம் பார்க்க முடியவில்லை, உள்ளே குத்துகிற வலி, பார்வை மங்கல், லென்ஸ் போடுகிறவர், இவர்களுக்கும் அப்படியே.

நீளமாகிவிட்டது. பழக்க தோஷம்.

டிரிப் ஷீட்:

நடத்துநர் வேலை. மெட்ராஸ் ஐ என்றால் லீவு கிடைப்பதெல்லாம் உங்களுக்கு. எங்களுக்கு ஆள் பற்றாக்குறை, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டி ஏறு என்றார்கள். ஏறினேன். டிக்கெட் கிழித்துக் கொடுத்தால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்குகிறார்கள். ஒரு பெரியம்மா முந்தானையால் முகத்தையே மூடிக்கொண்டது. எல்லோருக்கும் என் கண்ணைப் பார்த்தால்தான் ஒட்டும் என்று பயம். ஆனால் நான் எச்சில் தொட்டு எடுத்த டிக்கெட்டையும், கண்ணைத் துடைத்த கையால் கொடுத்த சில்லறையையும் ஒருவர் விடாமல் வாங்கிப் பையில் போட்டார்கள்.

அன்று எத்தனை பேருக்குக் கொடுத்தேனோ. நர்ஸம்மா எழுதியதைப் படித்தபோது டிக்கெட் எண்ணிக்கைதான் ஞாபகம் வந்தது. கண்ணாடி என்பது நமக்கு வெளிச்சம் கூசாமலிருக்க, அவ்வளவுதான். பார்வையில் ஒட்டாது. இதை இங்கே இன்னொருமுறை யாராவது "பார்த்தாலே ஒட்டும்" என்று எழுதினால் நான் பொறுப்பில்லை.

ஹவுராப் பாலம்:

என் கதை கொல்கத்தாவில். வேலைக்குப் போன புதிது, வங்காளம் அரைகுறை. ஒருநாள் காலை கண் இரண்டும் செக்கச்செவேலென்று. படியிறங்கினால் வீட்டுக்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போய், "ஜொய் பாங்ளா!" என்று கத்தினார். ஏதோ தேசிய நாள் போலிருக்கிறது என்று நினைத்து நானும் கையை உயர்த்தி "ஜெய் ஹிந்த்!" என்றேன். அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

விஷயம் என்னவென்றால் அங்கே இந்தக் கண்வலிக்குப் பெயரே ஜொய் பாங்ளா. 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்த சமயத்தில் கண்வலியும் பெரிதாகப் பரவியது. அப்போது எங்கும் கேட்ட விடுதலைக் கோஷத்தையே நோய்க்குச் சூட்டிவிட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1969-ல், ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் கண்ணில் ரத்தம் கட்டுகிற ஒரு வகை புதிதாகக் கிளம்பியது. நிலாவில் மனிதன் இறங்கிய சமயம், அதனால் அதற்கு அங்கே அப்பல்லோ நோய் என்று பெயர். ஆக, பழியை அடுத்தவன் தலையில் போடுவது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை.

இன்னொன்று. எழும்பூர் கண் மருத்துவமனையில் 1918-ல் இந்த வைரஸைக் கண்டுபிடித்ததால்தான் மெட்ராஸ் ஐ என்று பெயர் வந்தது என ஒரு வாட்ஸப் செய்தி வருஷா வருஷம் சுற்றுகிறது. அந்த ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனைக்கு அடுத்தபடி பழையது என்பார்கள், பெருமைதான். ஆனால் அடினோ வைரஸையே 1953-ல்தான் முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள், அதுவும் அமெரிக்காவில். 1996-ல் ஊருக்குப் பெயர் மாற்றினோம், கண்ணுக்கு மாற்ற மறந்துவிட்டோம்.

மூணு பிள்ளைக்காரி:

ஹவுராப் பாலம், வரலாறு கேட்டது யார்? நர்ஸம்மாவுக்கு: சரி, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் "வாரத்தால்" என்று சொன்னது கொஞ்சம் ஓவர். மூன்று பிள்ளையோடு அந்த வாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்து பாருங்கள். ஏதாவது ஒன்று செய்யாமல் ஒரு தாயால் இருக்க முடியுமா?

மைனஸ் ஐந்தரை:

அந்த "ஏதாவது ஒன்று"தான் எனக்கு நடந்தது.

லென்ஸ் போடுகிறவன். இடது கண் மட்டும் சிவந்தது. அறை நண்பர்கள் எல்லோரும் "மெட்ராஸ் ஐடா" என்றார்கள், நானும் நம்பினேன். ஒரு வீடியோவில் பார்த்த மாதிரி டீ பேக் வைத்தேன், அடுத்த நாள் தேன் கலந்த தண்ணீர், அடுத்த நாள் கொத்தமல்லி ஊறிய தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் நன்றாக இருக்கும். நாலாம் நாள் ராத்திரி செல்போன் வெளிச்சம்கூட ஊசியாகக் குத்தியது.

டாக்டர் கண்ணில் மஞ்சளாக ஒரு சாயத்தைத் தொட்டு, நீல விளக்கை அடித்துப் பார்த்தார். அதை போட்டோ எடுத்து எனக்கும் காட்டினார். கருவிழி ஓரத்தில், அரிசி நொய் அளவுக்கு, பச்சையாக ஒன்று பளபளத்தது. புண். லென்ஸோடு தூங்கியதில் வந்த பாக்டீரியா. "நாலு நாள் என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். டீ என்று சொல்ல வாய் வரவில்லை.

முதல் இரண்டு நாள் மணிக்கு ஒருமுறை சொட்டு, ராத்திரியும் அலாரம் வைத்து. ஆறியது, தழும்பு இருக்கிறது. இரவில் எதிரே வரும் ஒவ்வொரு ஹெட்லைட்டும் இடது கண்ணில் பூவாணம் மாதிரி சிதறும்.

வைகைக்கரை:

மைனஸ் ஐந்தரை தம்பி, இப்போது கண்ணாடிதானே போடுகிறீர்கள்? லென்ஸை விட்டுவிடுங்கள். கீரை சேர்த்துக்கொள்ளுங்கள், பொன்னாங்கண்ணி.

மைனஸ் ஐந்தரை:

கண்ணாடிதான் அண்ணா. தழும்புக்குப் பொன்னாங்கண்ணி கேட்காது.

தாழ்வாரம்:

கேட்டவர்களுக்கு: குழந்தைக்கு அப்போதே சரியாகிவிட்டது. அவர்கள் மறு வருஷமே வீடு மாற்றிப் போய்விட்டார்கள். நம்பர் இருக்கிறது. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவாள், குழந்தை படத்தோடு. அது சிரிக்கும் படமாகத்தான் இருக்கும், நான் முதலில் கண்ணைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

மூணு பிள்ளைக்காரி, பாலைக் குறை சொல்லவில்லை. அத்தை கேட்டதும் ஒரு கேள்வி கேட்காமல் அந்தப் பெண் கொடுத்தாள், அதைத்தான் சொல்ல வந்தேன். நன்றாக எழுதத் தெரியவில்லை.

புதுசு:

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அவசரம். என் பையனுக்கு (வயது ஏழு) காலையிலிருந்து வலது கண் சிவப்பு, கொஞ்சம் பீளை. வலி இல்லை என்கிறான், டிவி பார்க்கிறான். அத்தை பின்பக்கம் நந்தியாவட்டை பறிக்கப் போயிருக்கிறார். காம்பைக் கிள்ளச் சொல்லவா, பூவே வேண்டாம் என்று சொல்லவா? சீக்கிரம் சொல்லுங்கள், வந்துகொண்டிருக்கிறார்.

வெள்ளுடை (ஓய்வு):

பூவைச் சாமிக்கு வைக்கச் சொல்லுங்கள். அவரிடம் ஒரு கிண்ணம் கொதித்து ஆறிய தண்ணீரும் பஞ்சும் கொடுத்து, நீங்களே துடைத்துவிடுங்கள் அத்தை என்று சொல்லுங்கள். கைவேலை கிடைத்தால் கோபம் வராது. துடைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்ல மறக்காதீர்கள். சாயங்காலம் வெளிச்சம் கூசினாலோ வலித்தாலோ டாக்டரிடம் போங்கள். துண்டைத் தனியாக வையுங்கள், டிவி ரிமோட்டைத் துடையுங்கள்.

புதுசு:

ரிமோட் இப்போது அத்தை கையில்.