பழைய .303 ரைஃபிள்: பி.எஸ்.ஏ. 1917 முத்திரையும் இஷாப்பூர் அடையாளமும்

கேள்வி

எங்கள் கல்லூரியின் தேசிய மாணவர் படைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கும் ஒரு .303 ரைஃபிளுக்கு விளக்கப் பலகை எழுதும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். பின்கட்டை பொருந்தும் எஃகு வளையத்தின் வலப்புறத்தில் மகுடம், ஜி.ஆர்., பி.எஸ்.ஏ. கோ., 1917, எஸ்.எச்.டி. எல்.இ. (ஷார்ட் லீ-என்ஃபீல்டு), ரோமன் எண்ணில் மூன்று, அதன் அருகில் ஒரு நட்சத்திரம் ஆகியவை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பீப்பாயிலோ ஆர்.எஃப்.ஐ. என்று இருக்கிறது. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி செல்கிறது. மரத்திலும் இரும்பிலும் டி.பி. என்ற எழுத்துகள் உள்ளன; போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) எண்ணும் உடலின் (பீப்பாயும் போல்ட்டும் பொருந்தும் எஃகுப் பகுதி) எண்ணும் பொருந்தவில்லை. இது எங்கே செய்யப்பட்டது? 1962 சீனப் போரில் பயன்பட்டது என்று சிலர் சொல்வதைப் பலகையில் எழுதலாமா?

மறுமொழி 1

உடல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனம் செய்தது என்பதில் ஐயமில்லை, ஏனெனில் இவ்வகை ரைஃபிளில் உற்பத்தியாளரையும் ஆண்டையும் முதன்மையாகச் சொல்லும் இடம் அந்த வளையம்தான். நட்சத்திரக் குறி, போர்க்கால உற்பத்தியை விரைவுபடுத்த 1916-இல் ஏற்கப்பட்ட எளிய வடிவத்தைக் காட்டுகிறது. மகசீனை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அடைத்துவைக்கும் தகடும், பக்கவாட்டில் இருந்த தொலைதூரக் குறிகாட்டியும் அதில் கைவிடப்பட்டன. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை செய்த உடலாக இருந்தால், மன்னரைப் பேரரசர் என்றும் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்ற மூன்றெழுத்தும் ஆலையின் பெயரும் அங்கே இருந்திருக்கும். குடியரசான பின் வந்தவற்றில் மகுடத்துக்குப் பதிலாக அசோகச் சிங்கங்களைக் காணலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது பாதி விடைதான். ஆர்.எஃப்.ஐ. என்பது இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் அடையாளம். தேய்ந்த பீப்பாயை மாற்றுவது பழுதுபார்ப்பில் வழக்கமான வேலை என்பதால், இங்கிலாந்து உடலில் இந்தியப் பீப்பாய் இருப்பதைப் போலி வேலை என்று கருத வேண்டியதில்லை. மரம் பிளந்துவிடாமல் இருக்க மகசீனுக்கு முன்னால் குறுக்கே போடப்படும் அந்தத் திருகாணியைச் சேகரிப்பாளர்கள் 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றே அழைக்கிறார்கள். மூன்று அடையாளங்களும் ஒரே திசையில் செல்கின்றன: பர்மிங்காமில் பிறந்தது, பின்னர் இந்தியாவில் புதுப்பிக்கப்பட்டது.

டி.பி. என்பது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கப்பட்டதைக் குறிக்கும். அத்தகைய ரைஃபிளில் தோட்டாவை இடவே கூடாது. இதைப் பலகையிலும் எழுதுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. இது 2ஏ1 வகையாக இருக்கலாம் என்று ஒருவர் வாதிடுகிறார். அதையும் தெளிவுபடுத்த முடியுமா?

மறுமொழி 3

இல்லை. 2ஏ1 என்பது 1960-களில் இஷாப்பூரில் 7.62 மி.மீ. தோட்டாவுக்காகப் புதிதாகவே செய்யப்பட்டது. அதன் மகசீன் சதுர வடிவில் தட்டையாக இருக்கும், பின்குறிகாட்டியில் பொறித்த தூர அளவு 800 வரை மட்டுமே செல்லும். உங்களுடையதில் அளவு 2000 வரை சென்றால், அதுவும் பழைய .303 என்பதற்குச் சான்றாகும்.

எண்களைப் பொறுத்தவரை, உடலின் முன்வளையம், போல்ட் கைப்பிடியின் பின்புறம், மூக்குமூடி (பீப்பாயின் முன்முனையில் உள்ள உலோக மூடி), குறிகாட்டித் தகடு ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண் உடலோடு ஒத்துப்போகிறதோ அந்தப் பகுதி தொடக்கத்திலிருந்தே உடன் வந்தது என்று கொள்ள நல்ல காரணம் உண்டு. பழைய எண் குறுக்கே கோடிட்டு நீக்கப்பட்டு வேறெண் பொறிக்கப்பட்டிருந்தால், ஆயுதக்கிடங்கில் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். முத்திரைகளைத் தேய்த்து மெருகேற்ற வேண்டாம். சாய்வாக விளக்கைப் பிடித்தாலே மங்கிய எழுத்துகள் தெரியும்.

1962-இல் நமது காலாட்படையின் கையில் பெரும்பாலும் .303 ரைஃபிள்தான் இருந்தது என்பது உண்மை. இருந்தும், இந்தத் தனி ரைஃபிள் அங்கே சென்றது என்று எந்த முத்திரையும் சொல்லவில்லை. படைப்பிரிவைக் காட்டும் பித்தளை வட்டு பின்கட்டையில் எஞ்சியிருந்தால் அதைப் படித்துப் பாருங்கள். இல்லையென்றால் பலகையில் போரைப் பற்றிய வரியை விட்டுவிடுங்கள்.