பெட்ரோல் மோட்டார்ஹோம்: எந்த கம்பெனி பாடி உறுதி? அமெரிக்கா புதுசா வந்தவங்களுக்கு

போன வாரம் இரண்டு தம்பிகள் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டார்கள். வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நாலு இடம் சுற்ற மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) வாங்கலாம் என்று இருக்கிறோம், பெட்ரோல் வண்டியில் எந்த கம்பெனி கட்டுமானம் நன்றாக இருக்கும் என்று. நான் சிகாகோ பக்கம் இருக்கிறேன். இதுவரை இரண்டு வண்டி வாங்கியிருக்கிறேன். முதல் வண்டியில் பட்ட பாடு இன்னொருவருக்கு வரக்கூடாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே 'கேஸ் மோட்டார்ஹோம்' என்று போட்டிருந்தால் அது நம்ம ஊர் பெட்ரோல்தான். சிலிண்டரில் வரும் புரோப்பேன் அடுப்புக்கும் ஹீட்டருக்கும். பஸ் மாதிரி தட்டை முகத்தோடு இருப்பது கிளாஸ் ஏ. வேன் முகப்பு வைத்து, டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை இருப்பது கிளாஸ் சி.

எங்க அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அங்கே சேசிஸ் (எஞ்சினும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம்) லேலண்டிலிருந்தோ டாட்டாவிலிருந்தோ வந்து இறங்கும். எஞ்சின், அச்சு, பிரேக் எல்லாம் கம்பெனி பொறுப்பு. பத்து வருஷம் கழித்து மழையில் ஒழுகுமா, ஜன்னல் கடகடவென்று ஆடுமா என்பது பாடி கட்டிய பட்டறையைப் பொறுத்தது. மோட்டார்ஹோம் தொழிலும் அச்சு அசல் இதே மாதிரிதான். கிளாஸ் ஏ பெட்ரோல் வண்டி எந்தப் பெயரில் வந்தாலும், இன்று புதிதாக விற்பதில் கிட்டத்தட்ட எல்லாமே ஃபோர்டு எஃப்-53 சேசிஸ் மேல் கட்டியவை. 2020-21 வாக்கிலிருந்து அதில் 7.3 லிட்டர் வி8 எஞ்சின் வருகிறது. அதற்கு முன் 6.8 லிட்டர் வி10. கிளாஸ் சி பெரும்பாலும் ஃபோர்டு இ-350, இ-450, சிலது செவ்ரோலே எக்ஸ்பிரஸ். ஆகவே ஷோரூமில் விற்பனையாளர் எஞ்சின் பெருமை பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பக்கத்துக் கடையில் நிற்கும் வண்டியிலும் அதே எஞ்சின்தான் இருக்கிறது. பழைய வண்டி பார்க்கிறவர்களுக்கு வொர்க்ஹார்ஸ் சேசிஸில் 8.1 லிட்டர் ஜிஎம் எஞ்சினோடும் கிடைக்கும். நல்ல எஞ்சின். ஆனால் அந்த மோட்டார்ஹோம் சேசிஸ் தயாரிப்பை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது, பாகங்களுக்கு அலைய வேண்டிவரும்.

பெயர்கள் நிறைய இருந்தாலும் முதலாளிகள் சிலர்தான். தோர் குழுமத்தின் கையில் தோர் மோட்டார் கோச், 2016ல் வாங்கிய ஜேகோ, அதன் கிளையான என்டெக்ரா, 2020 கடைசியில் வாங்கிய டிஃபின் எல்லாம் இருக்கின்றன. 2019ல் நியூமாரை வின்னபேகோ வாங்கியது. ஃபாரஸ்ட் ரிவர் 2005லிருந்து பெர்க்‌ஷயர் ஹாத்தவே வசம், கோச்மென் அதற்குள் அடக்கம். சில ஜோடிகள் ஒரே வண்டிக்கு இரண்டு பெயர் மாதிரி. தோரின் ஹரிக்கேனையும் விண்ட்ஸ்போர்ட்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் பெயின்ட்டும் துணியும்தான் வேறு. ஜேகோ பிரிசெப்ட், என்டெக்ரா விஷன் இரண்டும் அப்படித்தான். இதில் எது உசத்தி என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். எந்த டீலர் பக்கத்தில் இருக்கிறார், எவர் விலை குறைக்கிறார் என்று பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பெட்ரோல் வண்டிகளில் வேலைப்பாடு என்று வரும்போது நியூமார் பே ஸ்டாரை முதலில் சொல்வேன். இந்தியானாவில் நப்பானி என்ற சிற்றூரில் கட்டுகிறார்கள். கதவு சாத்தும் சத்தம், அலமாரி மூலைகள், தரைக்குக் கீழே ஒயர்களைக் கட்டியிருக்கும் ஒழுங்கு, மூன்றிலும் வித்தியாசம் தெரியும். அடுத்தது டிஃபின் அலெக்ரோ. அலபாமாவில் ரெட் பே என்ற ஊரில் 1972ல் ஆரம்பித்த கம்பெனி. அலமாரிகளைத் தங்கள் தச்சுப்பட்டறையிலேயே செய்கிறார்கள். ரிப்பேருக்கு ஆலைக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு போய், பக்கத்திலேயே முகாம் போட்டுத் தங்கி, சரிசெய்து கொண்டு வருவது அந்த வண்டிக்காரர்களின் வழக்கம்.

வின்னபேகோவை நான் வேறொரு காரணத்துக்காக மதிக்கிறேன். ஐயோவாவில் ஃபாரஸ்ட் சிட்டி அவர்கள் ஊர். பழைய மாடல்களின் ஒயரிங் படம், குழாய் படம், பாகப் பட்டியல் எல்லாவற்றையும் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். பதினைந்து வருஷ வண்டியில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் எந்த ஃபியூஸ், எந்த நிற ஒயர் என்று வீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கலாம். செகண்ட் ஹேண்ட் வாங்குபவருக்கு இது பெரிய பலம். ஜேகோவில் சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் தாங்கி, கூடுதல் ஸ்பிரிங், தடித்த ஸ்டெபிலைசர் பார் வைத்துக் கொடுக்கிறார்கள், ஓட்டும்போது ஆட்டம் குறைகிறது. உத்தரவாதமும் மற்றவர்கள் வழக்கமாகத் தரும் ஒரு வருஷத்தைவிட அதிகம், இரண்டு வருஷம். ஃப்ளீட்வுட் பவுண்டர் எண்பதுகளிலிருந்து வரும் பெயர், தரைக்கடியில் சாமான் அறை வைப்பதைப் பரவலாக்கியது அதுதான். விலையைக் குறைத்து நிறைய வண்டி கட்டும் வரிசைகளும் உண்டு. அவற்றை வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விலையில் மிச்சமான பணத்தில் ஒரு பங்கைச் சரிபார்க்கவும் சரிசெய்யவும் எடுத்து வையுங்கள்.

இப்போது என் முதல் வண்டி. 31 அடி கிளாஸ் ஏ, செகண்ட் ஹேண்ட். கம்பெனி பெயர் வேண்டாம், ஒரு வண்டியை வைத்து ஒரு ஆலையை எடைபோடக் கூடாது. முதல் கோடையிலேயே சவுத் டகோடாவில் பேட்லேண்ட்ஸ் பக்கம் ராத்திரி மழை. காலையில் மனைவி அரிசி எடுக்க டிரைவர் சீட்டுக்கு மேல் இருந்த அலமாரியைத் திறந்தார். பைக்குள் அரிசி ஊறி உப்பியிருந்தது. அலமாரியின் உள் மூலையில் பலகை விரலால் அழுத்தினால் உள்ளே போனது, ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை. கூரையும் முன்முகப்பும் சேரும் இணைப்பில் சீலன்ட் (தண்ணீர் இறங்காமல் அடைக்கும் பசை) வெடித்திருந்தது. அந்த விரிசல் என் நகத்தின் அகலம்கூட இல்லை.

அடுத்த வருஷம் அப்பா வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தவர், வலது பக்கச் சுவரை விரல் முட்டியால் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே வந்தார். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் நின்றார். "கண்ணு, இங்க மட்டும் வெத்துச் சத்தம் கேக்குது பாரு. உள்ள ஒட்டு விட்டுப்போச்சு." நானும் தட்டினேன். மற்ற இடத்தில் 'டக்' என்று கேட்டது அங்கே 'பொத்' என்றது. வெயில் சாய்ந்த பிறகு சுவரோடு கன்னத்தை வைத்துப் பார்த்தால் அந்த இடம் லேசாகப் புடைத்திருந்தது தெரிந்தது. இங்கே இதை டீலாமினேஷன் என்பார்கள். வெளியே ஃபைபர் கிளாஸ் தகடு, நடுவில் மெல்லிய பிளைவுட், அதற்குள் ஃபோம், எல்லாம் பசை போட்டு அழுத்தியது. ஜன்னல் ஓரம் தண்ணீர் இறங்கினால் பிளைவுட் ஊறி ஒட்டு விடும். சில கம்பெனிகள் பிளைவுட்டுக்குப் பதில் அஸ்டெல் (Azdel) என்ற, பிளாஸ்டிக்கும் கண்ணாடி இழையும் கலந்த பலகை போடுகின்றன, அது ஊறாது. சுவருக்குள் எது போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அந்தத் தட்டல்தான் நான் இப்போது எந்த வண்டியிலும் முதலில் செய்வது. அடுத்து கூரை. ஏணி கேட்டு ஏறிப் பாருங்கள், ஏற விடாத டீலரிடம் வாங்காதீர்கள். ரப்பர் ஷீட் கூரை மலிவு, ஃபைபர் கிளாஸ் கூரை உழைக்கும். எதுவாக இருந்தாலும் ஏசி, வென்ட், ஓர மூலைகளைச் சுற்றியுள்ள சீலன்ட்தான் உயிர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிப் பல கையேடுகளில் போட்டிருக்கிறது, பார்க்காமல் விட்டால் ஒழுகலுக்கு வாரன்டி கிடைக்காமல் போகலாம். கிளாஸ் சி என்றால் தலைக்கு மேல் படுக்கை இருக்கிறதே, அதன் முன்மூலைகளில் மெத்தையைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். அங்கே முன்ஜன்னல் இல்லாமல் ஒரே வார்ப்பாக வந்த முகப்பு நல்லது. பிறகு அலமாரி இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்துப் பின்பக்கம் டார்ச் அடியுங்கள். ஸ்குரூவா, ஸ்டேப்பிளா என்று தெரிந்துவிடும். மரத்தூள் குவிந்து கிடந்தால் அவசரத்தில் கட்டிய வண்டி.

அவசரம் என்று சும்மா சொல்லவில்லை. இந்தியானாவில் எல்கார்ட்டும் சுற்று ஊர்களும்தான் இந்தத் தொழிலின் தலைநகர், சிகாகோவிலிருந்து இரண்டு மணி நேரம். அங்கே பல ஆலைகளில் பீஸ் ரேட் கூலி. திருப்பூர், கரூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதன் வேகமும் விளைவும் சொல்லாமலே தெரியும். 2021ல் கோவிட் காலத் தேவைக்காக அமெரிக்காவில் டிரெய்லரும் மோட்டார்ஹோமும் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல் ஆலையைவிட்டுப் போயின, 2023ல் அது 3.13 லட்சமாக இறங்கியது. அந்த நெரிசலில் கட்டிய 2021, 2022 வண்டியைப் பார்த்தால் எந்தப் பெயராக இருந்தாலும் இரட்டிப்பு கவனம் வேண்டும். முடிந்தால் ஒருநாள் எல்கார்ட் பக்கம் போய் ஆலையைச் சுற்றிப் பாருங்கள், சில கம்பெனிகள் அனுமதிக்கின்றன, முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். சுவரும் கூரையும் சேரும் இடத்தைத் திறந்த நிலையில் பார்த்தவருக்கு பிரோஷர் தேவைப்படாது.

குழந்தை இருப்பவர்கள் இதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். சாப்பாட்டு மேஜை சீட்டின் மெத்தையைத் தூக்கி, பெல்ட் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு அது தரை வழியாகச் சேசிஸ் வரை போக வேண்டும். வெறும் மரப்பெட்டியில் பொருத்தியிருந்தால் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். கார் சீட் முன்னோக்கிய இருக்கையில் மட்டும்தான், பக்கவாட்டு சோபாவிலும் பின்னோக்கிய பெஞ்சிலும் வேண்டாம். பெரிய வண்டியிலும் இப்படிப்பட்ட இடம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், குடும்பத்தை எண்ணிவிட்டு வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

வண்டிக்குள் மஞ்சள் நிறத்தில் எடை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்த்து எத்தனை பவுண்ட் ஏற்றலாம் என்று அதில் எழுதியிருப்பார்கள். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்ட், 75 காலன் டேங்க் நிறைந்தால் 620 பவுண்டுக்கு மேல், நம்ம கணக்கில் 280 கிலோ. கிரைண்டரும் அரிசி மூட்டையும் ஆறு பேரும் ஏறிய பிறகு எவ்வளவு மிச்சம் என்று கூட்டிப் பாருங்கள். எத்தனையோ ஸ்லைடும் (நிறுத்தியதும் சுவரோடு வெளியே நீளும் அறைப் பகுதி) கிரானைட்டும் வைத்து ஜொலிக்கும் வண்டிகள் இந்த ஸ்டிக்கரில் தோற்றுப்போகும்.

கதவருகே ஆர்விஐஏ (RVIA, இந்தத் தொழில் கம்பெனிகளின் சங்கம்) முத்திரை இருக்கும். அது மின்சாரம், புரோப்பேன், குழாய், தீ சம்பந்தப்பட்ட விதிகளுக்கு. பாடி உறுதிக்கு யாரும் கொடுத்த சான்றிதழ் அல்ல. வாரன்டியும் ஒன்றல்ல: சேசிஸுக்கு ஃபோர்டு, வீட்டுப் பகுதிக்கு பாடி கட்டியவர், ஃபிரிட்ஜ், ஜெனரேட்டர், ஸ்லைடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கம்பெனி. காருக்கு இருக்கும் லெமன் சட்டம் (திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியைக் கம்பெனி மாற்றித் தரவோ திரும்ப வாங்கவோ வேண்டும் என்ற சட்டம்) காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியா சட்டத்திலேயே மோட்டார்ஹோமில் சேசிஸும் ஓட்டும் பகுதியும்தான் அதில் வரும், குடியிருக்கும் பகுதி வராது. ஆகவே கையெழுத்துக்கு முன் சொந்தச் செலவில் ஒரு இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போங்கள். டீலர் அனுப்பும் ஆள் வேண்டாம். என்ஆர்விஐஏ (NRVIA, வண்டி இன்ஸ்பெக்டர்களின் சங்கம்) சான்று பெற்ற ஆள் என்றால் நல்லது. முதல் வண்டியில் நான் இதற்குச் செலவு செய்யவில்லை, சுவருக்குக் கொடுத்தது அதைப்போலப் பல மடங்கு.

இரண்டாவது வண்டியை வாங்கிய அன்று நேரே வீட்டுக்கு வரவில்லை. டீலரிடமிருந்து பத்து நிமிஷ தூரத்தில் ஒரு கேம்ப்கிரவுண்டில் இரண்டு ராத்திரி தங்கினோம். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு சிங்க் அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து வைத்தேன், ஸ்லைடுகளைப் பத்து முறை வெளியே விட்டு உள்ளே இழுத்தேன், ஏசியை ஜெனரேட்டரில் ஓடவிட்டு, கூடவே அடுப்பையும் எரியவிட்டேன். அப்பா கூரை மேல் ஹோஸ் பைப்பை அரைமணி நேரம் திறந்துவிட்டு, உள்ளே ஒவ்வொரு மூலையாக டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். காலையில் குளியலறை வென்ட் ஓரம் ஒரு சொட்டு. எட்டு மணிக்கு டீலர் கதவைத் திறந்தபோது வாசலில் நாங்கள் நின்றோம், மத்தியானத்துக்குள் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள்.